ஆறு ரவுண்டில் ஒரு ஃபேஷன் ஷோ

காலையில் சூரியன் பெல்லுவைக் கேட்டுக்கொண்டுதான் எழுந்தது என்று யாராவது சத்தியம் செய்தால் நான் நம்பிவிடுவேன். மற்றவர்கள் நேரம் பார்ப்பார்கள். பெல்லு நேரத்தைப் பிடித்து உட்கார வைப்பாள். தண்டையார்பேட்டையில் நான் ஆயா வேலை பார்த்த பெண்கள் காலேஜில் டிவி, கேமரா சொல்லித்தரும் படிப்பு ஒன்று உண்டு. அதில் மூன்று வருஷம் படித்தாள். அந்த மூன்று வருஷமும் பிரின்சிபால் அம்மா முதல் கேன்டீன் பூனை வரைக்கும் எல்லோரும் அவள் சொன்ன நேரத்துக்குத்தான் மூச்சு விட்டோம்.

பெல்லு என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவளுடைய அப்பா வியாசர்பாடியில் பாக்ஸிங் நடக்கிற இடத்தில் நேரம் பார்க்கிறவர். ரிங்குக்குப் பக்கத்தில் மேஜை போட்டு உட்காருவார். மூன்று நிமிஷம் சண்டை, அப்புறம் மணி. ஒரு நிமிஷம் ரெஸ்ட், அப்புறம் மறுபடி மணி. அதுதான் அவர் வேலை. ஒரு தடவை அவருக்குக் கை எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த இவள் சுத்தியலைக் கையில் எடுத்தாள். கட்டுப் பிரித்த பிறகும் திருப்பிக் கொடுக்கவில்லை. பலகையில் பொருத்தின பித்தளை மணி, ஒரு சின்ன சுத்தியல், இரண்டையும் டர்க்கி டவலில் சுற்றி காலேஜ் பையிலேயே கொண்டுவருவாள். அந்தப் பையில் புத்தகம் இருந்து நான் பார்த்ததில்லை.

"ஆயா, மனுசன் மூணு நிமிசந்தான் ஒயுங்கா இருப்பான். நாலாவது நிமிசம் கெட்டுப் பூடுவான். அத்தொட்டுதான் ரெஸ்ட்டு வெச்சிக்கிறாங்கோ" என்பாள். இதைச் சொல்லும்போதும் கண் கைக்கடிகாரத்தில் இருக்கும்.

இது பேச்சோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஒரு நாள் வராந்தாவில் இரண்டு லெக்சரர் அம்மாக்கள் ஜன்னல் பக்கத்து நாற்காலிக்காகச் சண்டை போட்டார்கள். பெல்லு படியில் உட்கார்ந்து மணியைப் பிரித்து மடியில் வைத்தாள். மூன்று நிமிஷம் ஆனதும் ஓங்கி ஒரு அடி. இரண்டு பேரும் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டார்கள். "ஒரு நிமிசம் ரெஸ்ட்டு மேடம். தண்ணி குடிச்சிட்டு வாங்க" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் இரண்டு பேருக்கும் வெட்கம் வந்துவிட்டது. அடுத்த மணி அடித்தபோது வராந்தாவில் நான்தான் இருந்தேன், துடைப்பத்தோடு.

வீட்டோடு சண்டை போட்டாலும் அதே கணக்குதான். போனில் அவள் அம்மா கத்திக்கொண்டிருக்கும்போதே, "மூணு நிமிசம் ஆச்சு, வெச்சிடறேன்" என்று வைத்துவிடுவாள். சரியாக ஒரு நிமிஷம் கழித்து தானே கூப்பிட்டு, "ம், எங்க வுட்ட? மாவு மிசின்ல வுட்ட, அங்கேர்ந்து திட்டு" என்பாள். பிரின்சிபால் அம்மா எதிரில் நின்று பேசும்போதும் மூன்று நிமிஷத்தில் பாதி வாக்கியத்தோடு நிறுத்தி, சுவரில் சாய்ந்து, வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நிற்பாள். முதல் தடவை பிரின்சிபால் அம்மா ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னார்கள். பிறகு பழகிவிட்டார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் பைலில் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

இப்படி நேரத்தைக் கட்டி மேய்த்த பெண்ணுக்கு ஒரே ஒரு குறை. காலேஜுக்கு நேரத்துக்கு வரமாட்டாள். போட்டி எங்கே நடந்தாலும் மணி அடிக்கக் கூப்பிடுவார்கள், போய்விடுவாள். கடைசி வருஷம் அட்டெண்டன்ஸ் தரை தட்டிவிட்டது. பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று போர்டில் ஒட்டிவிட்டார்கள்.

அவள் அம்மா எண்ணூர் பக்கம் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். நேராக காலேஜுக்கே வந்தாள். நான் பெருக்கிக்கொண்டிருந்த இடத்தில் நின்றுதான் மகளிடம் பேசினாள். "தோ பாரு. இன்னொரு வருசம்லாம் என்னால ஆவாது. ஹால் டிக்கெட்டு வர்லன்னா என்கூட கம்பெனிக்கு வந்துடு. உன் பேரு சூப்பர்வைசர் கையில குட்த்துட்டேன்." இதைச் சொல்ல அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை. பெல்லு கடிகாரத்தைப் பார்க்கவும் இல்லை. நான் பெருக்கின இடத்தையே மறுபடியும் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

அந்த டிபார்ட்மெண்ட்டுக்கு எச்.ஓ.டி. மேடம் ஒருவர். நல்லவர், ஆனால் முந்தின வருஷம் சூடு பட்டவர். நம்ம ஏரியா கேபிள் சேனல் ஒன்று வருஷத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள் செய்த நிகழ்ச்சியைப் போடும். நேரம் இருபத்து நாலு நிமிஷம். முந்தின வருஷத்துப் பிள்ளைகள் நாற்பது நிமிஷத்துக்கு எடுத்துக் கொடுத்தார்கள். சேனல்காரர்கள் இருபத்து நாலாவது நிமிஷத்தில் வெட்டினார்கள். எச்.ஓ.டி. மேடம் நன்றி சொல்ல வாய் திறந்த இடத்தில் கத்தரி விழுந்து, பல்லி மருந்து விளம்பரம் வந்துவிட்டது. இன்னொரு தடவை நேரம் மீறினால் இந்தப் பக்கமே வராதீர்கள் என்று சேனல்காரர் சொல்லிவிட்டார்.

இந்த வருஷம் ஃபேஷன் ஷோ என்று முடிவானது. மேடம் பெல்லுவைக் கூப்பிட்டார். நான் டீ கிளாஸ் எடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன்.

"க்ளாஸுக்கு உன்னால நேரத்துக்கு வர முடியல. நேரத்துக்கு ஒரு ப்ரோக்ராம் குடுக்க முடியுமா? இருபத்தி நாலு நிமிஷம். குடுத்தா உனக்காக நான் லெட்டர் எழுதறேன், ஹால் டிக்கெட் வரும். இருபத்தஞ்சு ஆச்சுன்னா நீ அடுத்த வருஷம் இதே க்ளாஸ்ல."

"இருவத்தி நாலுல ஒரு செகண்டு கொறஞ்சா மேடம்?"

"குறையவும் கூடாது."

"சரி மேடம்" என்றாள் பெல்லு. அவ்வளவு சின்னதாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

நிகழ்ச்சியை எத்தனை பகுதியாகப் பிரிப்பது, எந்தப் பகுதியில் என்ன வருவது என்று பெரிய தாளில் எழுத வேண்டுமாம். க்ளாஸ் லீடர் காயத்ரி செல்போனைப் பார்த்து ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு வந்தாள். பார்க்க லட்சணமான பெண், பேச்சும் நிறைய. ஒன்பது பகுதி போட்டிருந்தாள். பார்ட்டி டிரெஸ், பிரைடல், பீச் வேர் என்று வாசித்தாள். பீச் வேர் வந்த இடத்தில், கேமரா எடுக்கிற வள்ளி கையைத் தூக்கினாள். திருவொற்றியூர் குப்பத்துப் பெண், அப்பா மீன்பிடி போட்டில் போகிறவர்.

"பீச்சுக்கு எங்க நைனாதான் தெனம் போறாரு. லுங்கிதான் கட்டுவாரு. அத்தயா காட்டப்போறோம்?"

"அது இல்லடி, இது ஃபாரின்ல போடறது."

"ஃபாரின்ல இன்னா போட்டா எனக்கின்னாடி. கடல் இங்க கீது."

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. பெல்லு மூன்றாவது நிமிஷத்திலேயே மணி அடித்துப் பார்த்தாள், பலிக்கவில்லை. பிறகு எழுந்து போய் காயத்ரியின் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் ஆறு கட்டம் போட்டாள்.

"மூணு நிமிசம் ரவுண்டு. ஆறு ரவுண்டு, பதினெட்டு. நடுவுல அஞ்சு ரெஸ்ட்டு, மொத்தம் இருவத்தி மூணு. கடைசி ஒரு நிமிசம் ரிசல்ட்டு. முட்ஞ்சிது."

"ஃபேஷன் ஷோல என்னடி ரிசல்ட்?" என்றாள் காயத்ரி.

"ரிங்குல ஜெயிச்சவளுக்குச் செய்யிற மாதிரி எல்லார் கையயும் தூக்கி வுடுவோம்."

ஆறு கட்டத்திலும் என்ன எழுதினாள் தெரியுமா? வியாசர்பாடி ஃபுட்பால் பனியன். கம்பெனி யூனிஃபார்ம் கோட்டு. பாரிஸ் கார்னர் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிற சுடிதார். முழங்கால் வரைக்கும் தூக்கிச் செருகின, மீன் ஏலம் எடுக்கிற சேலை. கல்யாணப் பட்டு. ஆறாவது கட்டத்தில் நைட்டி, தோளில் துண்டு. எச்.ஓ.டி. மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"நைட்டியா? டிவியிலயா?"

"மேடம், எங்க ஏரியால தண்ணி லாரிக்குப் போறது, கடைக்குப் போறது, சண்டைக்குப் போறது எல்லாம் அத்துலதான். பட்டுப் பொடவ வருசத்துக்கு ரெண்டு வாட்டி. நைட்டி தெனம். எது ஃபேஷன், நீங்களே சொல்லுங்க."

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அவரும் அதைத்தான் போட்டிருப்பார்.

இனி கஷ்டம் எங்கே இருந்தது என்றால் இங்கேதான். எடுத்த படத்தை வெட்டி ஒட்டுகிற கம்ப்யூட்டர் மழையில் நனைந்து செத்துப் போயிருந்தது. கேமராவும் லைட்டும் ஒரு நாள் இரவல், சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் இருபத்து நாலு நிமிஷத்தையும் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், நிறுத்தக் கூடாது. நடக்கிறவர்கள் காயத்ரியோடு சேர்த்து நாலு பெண்கள். ரவுண்டு முடிந்து மணி அடித்ததும் வள்ளி கேமராவை அடுத்த பகுதியின் பெயர் எழுதின போர்டு பக்கம் திருப்புவாள். பாட்டு ஓடும். அந்த ஒரு நிமிஷத்தில் நாலு பேரும் திரைக்குப் பின்னால் போய் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும்.

ஒரு நிமிஷத்தில் சேலை கட்ட முடியுமா? முடியும், கைகாரிகள் கூட இருந்தால். பெல்லு வியாசர்பாடியிலிருந்து பாக்ஸிங் பெண்கள் நாலு பேரைக் கூட்டிவந்தாள். வருஷக்கணக்காக ரிங் மூலையில் நின்று, ரெஸ்ட் நேரத்தில் சண்டைக்காரிகளைக் கவனித்துப் பழகினவர்கள். "பாக்ஸிங் பவுட்டு மாதிரிதான்டி. ரவுண்டு முட்ஞ்சா ஒரு நிமிசம். வயக்கமா செய்யிற மாதிரி செய்ங்க, கூடவே துணியும் மாத்தி வுடணும்" என்று சொல்லி வைத்தாள். இந்த வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமாகச் செய்கிற மாதிரி.

படம் எடுக்கிற நாளில் காலேஜ் ஹாலுக்கு நான்தான் கதவு. வெளியே ஹை ரோட்டில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் உள்ளே கேட்கக் கூடாது என்று கதவை என் முதுகால் மூடிக்கொண்டு நின்றேன். பக்கத்துத் தெரு பியூட்டி பார்லர் அக்கா மத்தியானத்திலிருந்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்து நாலு முகத்தையும் எழுதியிருந்தாள். காயத்ரியைப் பெற்றவளுக்கே அடையாளம் தெரிந்திருக்காது. முன்வரிசையில் எச்.ஓ.டி. மேடம். அவர் பக்கத்தில் சேனல்காரர், கையைக் கட்டிக்கொண்டு. எங்கே வெட்டலாம் என்று பார்க்கத்தான் அந்த மனுஷன் வந்த மாதிரி இருந்தது.

பெல்லு மணி அடித்தாள். முதல் ரவுண்டு, ஃபுட்பால் பனியன். நாலு பெண்களும் அழகாக நடந்தார்கள். மூன்று நிமிஷம் முடிந்து மணி அடித்தது.

பாக்ஸிங் பெண்கள் நாலு பேரும் பாய்ந்தார்கள். கையில் லேப் ஸ்டூல், தண்ணீர் பாட்டில், ஈரத் துண்டு. திரையாவது மறைவாவது, மேடை மூலையிலேயே ஸ்டூலைப் போட்டு நாலு பேரையும் தோளைப் பிடித்து அழுத்தி உட்கார வைத்தார்கள். "வாயத் தொற" என்று தண்ணீரை ஊற்றினார்கள். பிறகு ஈரத் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்கள். துண்டை எடுத்தபோது காயத்ரியின் புருவமும் உதடும் கன்னமும் அப்படியே துண்டோடு வந்துவிட்டன. மேலே கொஞ்சம் வாசலினும் தடவினார்கள். குத்து விழுந்தால் தோல் கிழியாமல் இருக்குமாம்.

பார்லர் அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "ரெண்டு மணி நேர வேலமா அது" என்று மட்டும் சொன்னாள், யாரிடம் என்று தெரியவில்லை.

சரி, கேமராதான் போர்டு பக்கம் போயிருக்குமே என்று பார்த்தால், வள்ளி திருப்பவே இல்லை. மூலையையே பிடித்துக்கொண்டிருக்கிறாள். தலைக்கு மேலே தொங்கின மைக் எல்லாப் பேச்சையும் வாங்கிக்கொள்கிறது.

"மூச்ச இஸ்து வுடு. நல்லாத்தான் நடக்கிற. கையத் தொங்கப் போடாத" என்றாள் காயத்ரியைக் கவனித்தவள். "அந்தாண்ட கீறா பாரு, அவ டயர்டு ஆய்ட்டா. இந்த ரவுண்டுல முட்ச்சிடு."

"எதுக்கு முடிக்கணும்? அவ என் ஃப்ரெண்டு."

"ரிங்குல இன்னாடி ஃப்ரெண்டு."

உடுப்பு மாற்ற வேண்டுமே. கேமரா எதிரில் எதைக் கழற்றுவது? அந்தப் பெண்கள் யோசிக்கவில்லை. பனியன் மேலேயே யூனிஃபார்ம் கோட்டை மாட்டிவிட்டார்கள். பத்து வினாடி இருக்கும்போது பெல்லு மேஜையில் டொக் டொக் என்று தட்டி, "செகண்ட்ஸ் அவுட்" என்று கத்தினாள். கூட நிற்கிறவர்கள் வெளியே போங்கள் என்று அர்த்தமாம். நாலு ஸ்டூலும் நாலு பாட்டிலும் காற்றாய்ப் பறந்தன. மணி அடித்தது. அழிந்த முகத்தோடு நாலு பெண்களும் இரண்டாவது ரவுண்டுக்கு நடந்தார்கள்.

அப்போதுதான் பெல்லுவைப் பார்த்தேன். முகத்தில் ரத்தமே இல்லை. தான் சொன்ன ஒரு வார்த்தையில் எல்லாம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

எச்.ஓ.டி. மேடம் எழுந்து மேஜைக்குப் போனார். குனிந்து மெதுவாகத்தான் சொன்னார், கதவுப் பக்கம் நின்ற எனக்கே கேட்டது. "நிறுத்திடு. முதல்லேர்ந்து எடுக்கலாம்."

"மேக்கப்பு போட ரெண்டு மணி நேரம் மேடம். அதுக்குள்ள கேமரா பூடும்."

"அதுக்காக இப்படியே காட்டறதா?"

"மேடம், மொத ரவுண்டுல அடி வாங்கினவ ரெண்டாவது ரவுண்டுல நிக்கிறா. நான் தெனம் பாத்துகினு கீறேன். நிறுத்தினா தோத்ததுதான், நிறுத்தாட்டி இன்னும் தெரியாது." கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இன்னும் முப்பது செகண்டுல மணி அடிக்கணும். ஒக்காருங்க மேடம்."

மேடம் உட்கார்ந்தார். அந்தப் பத்து அடி நடந்து நாற்காலியில் உட்கார அவர் என்ன பாடு பட்டார் என்று அவருக்குத்தான் தெரியும்.

இரண்டாவது ரெஸ்ட்டில் கோட்டு மேல் சுடிதார் டாப்ஸ் ஏறியது. மூன்றாவது ரெஸ்ட்டில் சுடிதார் மேல் மீன் ஏலச் சேலை. அங்கேதான் பார்லர் அக்கா எழுந்தாள். லிப்ஸ்டிக்கைக் கத்தி மாதிரி பிடித்துக்கொண்டு மூலைக்குள் புகுந்தாள். "ஏய், துண்ட எடுடி. ஒதடு எனக்கு, மத்ததெல்லாம் உனுக்கு" என்றாள். நாலு உதட்டையும் நாற்பது வினாடியில் போட்டுவிட்டாள். நாலாவது ரெஸ்ட்டில் பட்டுச் சேலை கட்டும்போது, தலைவாரி, பொட்டு வைத்து, வாசலினையும் அவளே தடவினாள்.

நான் கதவை விட்டுவிட்டேன். ஒரு கன்டெய்னர் லாரி போகிற வழியெல்லாம் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஒருத்தரும் திரும்பவில்லை.

ஆறாவது ரவுண்டு, நைட்டி. பனியன், கோட்டு, சுடிதார், ஏலச் சேலை, பட்டு, இத்தனைக்கும் மேலே நைட்டி ஏறியது. உலகத்தில் எதையும் உள்ளே வாங்கிக்கொள்கிற உடுப்பு ஒன்று உண்டென்றால் அது நைட்டிதான். காயத்ரி இட்லிக் குண்டான் மாதிரி ஆகிவிட்டாள். தோளில் துண்டு, முகத்தில் வேர்வை, மேலே ஏறின லிப்ஸ்டிக். ஆனால் பாருங்கள், அவள் நடந்தாள். தண்ணி லாரிக்கு முதல் ஆளாகப் போய் நிற்கிறவள் எப்படி நடப்பாளோ அப்படி நடந்தாள். செல்போனைப் பார்த்துக் கற்றுக்கொண்ட நடை எங்கே போனதோ தெரியவில்லை. மூலையிலிருந்து, "அப்டித்தான், அப்டித்தான், வுடாத" என்று சத்தம் வந்தது. முன்வரிசையில் சேனல்காரர் கட்டின கையை எப்போதோ பிரித்துவிட்டு, நாற்காலி நுனிக்கு வந்திருந்தார்.

மணி. கடைசி ஒரு நிமிஷம். பாக்ஸிங் பெண்கள் நாலு பேரும் நடந்தவர்களுடைய கையை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தலைக்கு மேலே தூக்கினார்கள். பார்லர் அக்கா தன் கையைத் தானே தூக்கிக்கொண்டாள். ஹாலில் இருந்த பிள்ளைகள் பெஞ்சைத் தட்டின சத்தத்தில் மேலே மின்விசிறி ஆடியது. பெல்லு கடைசி மணியை அடித்துவிட்டு இரண்டு கையாலும் மணியை அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

எச்.ஓ.டி. மேடம் நேராகக் கேமராவுக்குப் போனார். வள்ளி விலகி நின்றாள். உள்ளே ஓடி நின்ற நம்பரை மேடம் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தரம், கழற்றிவிட்டு ஒரு தரம் படித்தார்.

"இருபத்தி நாலு" என்றார். "பூஜ்யம், பூஜ்யம்."

"நீ ஏம்மா போர்டுக்குத் திருப்பல?" என்று வள்ளியைக் கேட்டார்.

"போர்டு எங்கியும் பூடாது மேடம். இது பூடும்."

சேனல்காரர் வந்தார். "யாரு இத பிளான் பண்ணது?" என்றார். முந்தின வருஷம் இதே ஆள் எதிரில் தலை குனிந்து நின்ற மேடம், பெல்லுவின் தோளில் கை போட்டு முன்னால் இழுத்தார். "எங்க ஸ்டூடன்ட்" என்றார். "வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லையே சார்?"

"அந்தத் தண்ணி குடுக்கிற இடத்த மட்டும் இன்னும் கொஞ்சம் நீளமா எடுத்துக் குடுங்களேன்" என்றார் அவர்.

"ரெஸ்ட்டு ஒரு நிமிசந்தான் சார்" என்றாள் பெல்லு. மாற்றமாட்டேன் என்றுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை போட்டார்கள். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்த வீட்டிலும் வேறு சேனல் ஓடவில்லை என்று நான் சொல்வேன், நம்புகிறவர்கள் நம்பலாம். ஜனங்கள் கேட்டார்கள் என்று அதே மாதத்தில் மூன்று தரம் திருப்பிப் போட்டார்கள். எங்கள் தெருவில் தண்ணி லாரி வந்தால் நைட்டிப் பெண்கள் இடுப்பில் கை வைத்து நடக்க ஆரம்பித்தார்கள். குடம் நிரம்பினால் பக்கத்து வீட்டுக்காரி கையைத் தூக்கிவிட்டாள். பெல்லுவின் அம்மா பேக்கிங் கம்பெனி சூப்பர்வைசரிடம் போய், "எம் பொண்ணு பேர அட்ச்சிடு சார். அது டிவில கீது" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

பெல்லு பரீட்சை எழுதினாள், பாஸும் செய்தாள். இப்போது பெரிய டிவி கம்பெனி ஒன்றில் எந்த நிகழ்ச்சி எப்போது தொடங்கி எப்போது முடிய வேண்டும் என்று பார்க்கிற வேலை. அவர்கள் பாவம்.

ஹால் டிக்கெட் வந்த அன்றைக்கு அதை ஆபீஸில் வாங்கினதும் ஓடிவந்து என் கையில்தான் கொடுத்தாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்துக் கூட்டிக் கூட்டி அவளுடைய நிஜப் பேரை அன்றைக்குத்தான் முதல் தரம் படித்தேன். படித்துவிட்டு, "கொஞ்சம் இரு" என்று அதை எடுத்துக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய் ஒரு ஜெராக்ஸ் எடுத்தேன். "உனுக்கு எதுக்கு ஆயா?" என்றாள். நான் ஜெராக்ஸை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். அந்தத் தாள் இப்போதும் என் டிரங்குப் பெட்டியில், என் பிள்ளைகளுடைய சர்டிபிகேட்டுகளோடு சேர்ந்து இருக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதைத்தான் முதலில் எடுப்பேன்.